சிவப்புக்குச் சிவப்பு

ஆறு பெட்டிகளை என் தலையில் கட்டிவிட்டு
ஓசூருக்கு மாற்றலாகிப் போனாள் தில்ஷாத்.
நாலாயிரத்து இருநூறு, ரெண்டு தவணை.
ஒயர் மட்டும் இல்லை.
எலி கடித்துவிட்டதாம்.
அஞ்சு ஒயரையுமா என்று நான் கேட்கவில்லை.
உறுமுகிற பெரிய பெட்டிக்கு அதன் வால் இருந்தது,
அது போதும்.

டேப் அகப்படாமல்
சுவரைப் புடவையால் அளந்தேன்.
புடவை ஒன்று ஐந்தரை மீட்டர்.
பின்பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு ஆளுக்கு ஒன்றரைப் புடவை,
கதவு நிலையைச் சுற்றிக்கொண்டு போவதால்.
முன்னால் நிற்கும் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றேகால்.
கரண்டு பில்லின் பின்னால் எழுதிக்கொண்டேன்:
இருபத்து நாலு மீட்டர்.

லாங் பஜாரில்
வெங்காய மூட்டைகளைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே கடை.
கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார்,
ஆரம் காட்டுகிற தினுசில்.
வெல்வெட்டின் மேல் பாம்புச்சட்டை பின்னிய கறுப்பு ஒயர்,
முனையில் தங்க முலாம்.
"ஆக்சிஜன் இல்லாத செம்பும்மா இது."
இருந்துவிட்டுப் போகட்டும்.
மே மாத வேலூரில்
ஆக்சிஜன் யாருக்குத்தான் கிடைக்கிறது.
மீட்டர் முந்நூற்றுப் பத்து.
பெருக்கிப் பார்த்தேன்,
ஏழாயிரத்து நானூற்று நாற்பது.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.

அடுத்தது பதினெட்டு ரூபாய்.
கண்ணாடி உறைக்குள் செம்பு
கல்யாண வீட்டுக் குடம்போல் மினுமினுத்தது.

பதினோரு வருஷமாய் மேல்விஷாரத்தில்
ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறேன்.
தோலின் முகத்தை நாங்கள் நம்புவதில்லை.
முகத்துக்குப் பெயிண்ட் உண்டு, இஸ்திரி உண்டு,
ஆட்டுத்தோலில் முதலையைக்கூட அச்சடிக்கலாம்.
வெட்டிய ஓரத்துக்கு மட்டும்
பொய் சொல்ல வராது.

"பிளேடு கீதா?"
ஒரு இழையைப் பிரித்துச் சுரண்டினேன்.
செம்புக்குக் கீழே வெள்ளை.
அலுமினியம்,
மருதாணி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"இன்னாம்மா, எலக்ட்ரீஷியனா நீ?"
"இல்லீங்க. செருப்பு."

அப்புறம்தான் பரணிலிருந்து இறங்கியது
தூசி தின்ற ஒரு சுருள்.
பேர் இல்லை, பெட்டி இல்லை,
பதினாறு கேஜ்.
சுரண்டச் சுரண்டச் செம்பு.
முப்பத்தெட்டு என்றார்.
முப்பத்தஞ்சுக்கு முடித்தோம்.
எண்ணூற்று நாற்பது.

சத்துவாச்சாரி வீட்டில்
பூபாலன் நாற்காலியை நடுவில் போட்டு
தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தான்.
படம் ஓடியது.
பேச்செல்லாம் யார் வாயிலும் ஒட்டாமல்
சுவருக்குச் சுவர் அலைந்தது.
"அப்பவே சொன்னேன்ல, மலிவு ஒயர்."
அவன் அப்போது எதையும் சொல்லவில்லை.

மறுநாள் ஷிப்ட் முழுக்க
அந்த எண்ணூற்று நாற்பது
அட்டைக்கு அடியில் தப்பிய ஆணிபோல் குத்தியது.
ராத்திரி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டிவிக்குப் பின்னால் தவழ்ந்தேன்.

ஒயரின் ஒரு ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு.
இடது பெட்டியில் அது
கறுப்புத் துளைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.
சொருகியவள் நான்தான்.
ஆயிரம் ஜோடியில் ஒரு ஜோடிக்கு
ரெண்டும் இடதுகாலாக வந்துவிடும்,
பிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை,
அதே கை.

பிடுங்கி மாற்றிக் குத்தினேன்.
இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

குரல் அலைச்சலை விட்டு
நடுவில் வந்து நின்றது,
திரையில் அவள் உதடு இருந்த இடத்திலேயே.
பூபாலன் பேசாமல் ஒலியைக் கூட்டினான்.

படத்தில் மழை.
முதுகுப்பக்கம் ரெண்டு துளி,
பிறகு வீடு முழுக்க.

மாடிப்படியில் தடதடவென்று கால்கள்.
மேல்வீட்டு பிலோமினா
மொட்டைமாடிக்கு ஓடிக்
காய்ந்ததும் காயாததுமாய்த் துணியெல்லாம் வாரிச் சுருட்டி
எங்கள் வாசலில் வந்து நின்றாள்.
வானத்தைப் பார்த்தாள்.
எங்களைப் பார்த்தாள்.
பாலாறுபோல்
பொட்டு ஈரமில்லாத ராத்திரி.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு
மிச்சப் படத்தையும் பார்த்தாள்.
எழுந்து போகும்போதுதான் கேட்டாள்,
மீட்டர் எவ்வளவு?