கடலோரத்து விடை

புத்தகத்தில் நூறு என்று இருக்கிறது.
நான் கேட்டு முடிப்பதற்குள் க்ரோவர் சொல்லிவிடுவான்;
என் கேள்வியைவிட அவன் கை நீளம்.
நானும் ஆறு வருஷமாக
யாராவது ஒரு க்ரோவரிடம் சபாஷ் சொல்லிவிட்டுக்
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எல் ஆல்ட்டோவில் என் வகுப்புக்கு
நாற்பத்தொரு பிள்ளைகள்,
ஒரு ஸ்டவ், ஒரு தெர்மாமீட்டர்.
பையன்கள் ஸ்டவ்வைப் பிடித்துக்கொள்வார்கள்.
பெண்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
அட்டவணை எழுதுவார்கள்.
கோடு நேராக இருந்ததற்கு
நட்சத்திரம்கூடப் போட்டிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று கேட்டேன்.
சொல்லாதீர்கள், பாருங்கள் என்றேன்.
தெர்மாமீட்டரை செனோபியாவிடம் நீட்டினேன்.
பின்னால் நிற்கும் யாருக்கோ என்று நினைத்து
அவள் திரும்பிப் பார்த்தாள்.

குமிழ் வந்தது. ஜன்னல் கண்ணாடி வியர்த்தது.
சிவப்புக் கோடு ஏறி
எண்பத்தாறில் உட்கார்ந்தது.
எழுந்திருக்கவே இல்லை.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."
"இல்ல, இவ பிடிக்கிற லட்சணம்."

எனக்கும் தொண்டை வரை வந்தது ஒரு விளக்கம்.
காற்று, உயரம், அழுத்தம் எல்லாம் சேர்ந்த
நல்ல கொழுத்த விளக்கம்.
விழுங்கிவிட்டு மனசுக்குள் எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று...
ஏழு நொடி எத்தனை நீளம் என்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

ஆறாவது நொடியில் செனோபியா பேசினாள்,
பாதி ஸ்பானியம், பாதி ஐமாரா.
"அம்மா சந்தையில மொச்சை சூப் விக்கிறா.
மூணு மணிக்கு அடுப்பு மூட்டணும்.
தண்ணி தளதளன்னு கொதிக்கும்,
மொச்சை அப்படியே கெடக்கும்.
மூடி மேல பாறாங்கல் வெச்சா
கொஞ்சம் சீக்கிரம் வேகும்.
கொதிக்குது டீச்சர். ஆனா சூடு பத்தல."

இந்த மேட்டில் யார் பருப்பும் லேசில் வேகாது.
நாற்பத்தொரு வீட்டுக்கும் தெரியும்.
பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

கல்லு எதுக்கு? ஆவி எங்க போகும்?
கீழ போனா என்ன ஆகும்?
யார் கேட்டது எதை என்று குறிக்க முடியவில்லை.
கடைசி பெஞ்சில்
மார்ச் மாதம் முதல் வாய் திறக்காத ஃபவுஸ்தினோ
அப்பாவின் லாரி வியாழக்கிழமை
கராநாவிக்கு இறங்கும் என்றான்.

தெர்மாமீட்டர் ஒரு கம்பளிக் காலுறைக்குள் பயணம் போனது.
வெள்ளிக்கிழமை போன் வந்தது.
இஞ்சின் சத்தம், ஒரு சேவல், அப்புறம் அவர் குரல்.
முழுக்க ஐமாரா.
க்ரோவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.
வகுப்பில் பாதிப் பேர்
அவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள்,
போட்டி போட்டுக்கொண்டு, சற்றுக் கர்வமாகவே.
"தொண்ணூத்தெட்டாம்! தொண்ணூத்தெட்டு!"

"அப்ப நூறு எங்க இருக்கு?"
கேட்டது க்ரோவர்தான்.
நிஜமாகவே தெரியாமல் அவன் கேட்ட முதல் கேள்வி.
வரைபடத்தில் விரல்கள் இறங்கின,
மலையைத் தாண்டி, எல்லையைத் தாண்டி,
நீலம் தொடங்கும் இடம் வரை.

நூறு என்பது கடலோரத்து விடை.
எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை.

நவம்பர் பரீட்சையில்
அதே கேள்வி வரும், அதே நான்கு விடைகளோடு.
"எந்த ஊர்லன்னு போடலையே டீச்சர்?" என்பார்கள்.
என்ன சொல்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வருஷம் பெனீத்தா என்றொருத்தி
விடை எழுதும் கோட்டில்
'எங்க வீட்டுலயா?' என்று எழுதியிருந்தாள்.
சிவப்பு மையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன்.
இப்போது கேபிள் கார் நிலைய வாசலில்
பிளாஸ்டிக் கோப்பையில் ஜெல்லி விற்கிறாள்.

நேற்று ஒன்று வாங்கினேன்.
சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.
மீதிச் சில்லறையை
இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக் கொடுத்தாள்.