ஏழாவது பாட்டில் ஒரு சரணம் குறைவு

டோரீன் ஹெஸ்லாப் பல் செட்டைக் கழற்றி
காலிக் கோப்பையில் போட்டாள்.
"இதோட பாடினா சொல்லுக்குச் சொல் விசில் அடிக்குது.
இல்லாமலே பாடுறேன்."

நார்த் ஷீல்ட்ஸில் ஒரு காலத்து ஐஸ் ஆலை,
இப்போது என் ஸ்டூடியோ.
சுவரின் தக்கைப் பலகையில் இன்னும் மீன் வாடை.
பிப்ரவரி.
ஹீட்டரைப் போட்டால் மைக்கில் விழும்,
அணைத்தால் அவள் விரல் நீலம் பாரிக்கும்.
போட்டும் அணைத்துமாக
நான்கு நாள் ஓட்டினோம்.

வயது எழுபத்தாறு.
பத்தொன்பது வருடம் கழித்து ஓர் ஆல்பம்.
இடையில் என்ன செய்தீர்கள் என்று
அட்டையில் அச்சடிக்கக் கேட்டது கம்பெனி.
"பள்ளிக்கூடத்துல சமையல்.
அப்புறம் முட்டி ஆபரேஷன். ரெண்டையும் போடு."
போடவில்லை.

குரல் நான்கு படி இறங்கியிருந்தது.
நெவில் தன் கான்செர்டினாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி
வேறொன்று கடன் வாங்கி வந்தான்.
அதில் ஒரு பொத்தான் அழுத்தினால் எழாது.
அது ஒட்டிக்கொள்ளும் இடத்தில்
இவள் மூச்சு வாங்கினாள்,
பேசிவைத்தது போல.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு யோசனை:
எழுபத்துநாலில் இதே கடல் பாட்டைப்
பாடியிருக்கிறாளே,
அந்தக் குரலை இந்தக் குரலோடு சேர்த்தால் என்ன?
தன்னோடு தானே பாடும் டோரீன்.
நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.
பிசுபிசுத்துக் கிடந்த டேப்பை
எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வாட்டி எடுத்தேன்.

ஹெட்ஃபோனுக்குள் வந்தாள் அந்தப் பெண்.
இருபத்தாறு வயது.
துடைத்துக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர் போல
ஒரு விரல் ரேகையும் படாத குரல்.

டோரீன் இரண்டு அடி கூடவே போனாள்,
நின்றுவிட்டாள்.
"இவ ஏன் இந்த ஓட்டம் ஓடுறா?
படகு ஏற்கெனவே கவுந்தாச்சே."

மறுபடி.
மறுபடியும் அந்தப் பெண்தான் முன்னால்.
"டேப்பைக் கொஞ்சம் மெதுவாக்கட்டுமா?"
"வேண்டாம். அவ வயசு அவளுக்கு."
ஹெட்ஃபோனைக் கழற்றி
கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாட்டில் கதை இவ்வளவுதான்:
கடலுக்குப் போனவன் வரவில்லை.
ஆறாம் சரணத்தில் அவன் சட்டை மட்டும் கரை ஒதுங்குகிறது.
ஏழாம் சரணத்தில் அவள்
சன்னலில் விளக்கு வைக்கிறாள்,
சாகிற வரைக்கும், ராத்திரி தவறாமல்.

வாசலில் சிகரெட்டுக்கு நடுவே நெவில் சொன்னான்:
எழுபத்தொன்பதில், ஐஸ்லாந்துப் பக்கம்,
இவளுடைய டெனிஸ்.
சட்டைகூட வரவில்லை.
எண்பத்திரண்டில் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள்,
கல்யாணத்துக்கு வாசித்தது நான்தான்,
மழை, கேக் முழுக்க நனைந்து போச்சு.
அதற்கப்புறமும் இருபது வருடம்
மேடை மேடையாய் ஏழாம் சரணம் பாடியிருக்கிறாள்.
கூட்டம் அந்த இடத்தில்தான் அழும்.
இருட்டுக்குள் கைக்குட்டைகள் எழும்புவது
மேடையிலிருந்தே தெரியுமாம்.

மூன்றாவது டேக்.
ஹீட்டர் அணைந்திருந்தது.
பல் இல்லாத வாயில் சொற்கள்
ஓரம் மழுங்கி,
கடற்கரைக் கல் மாதிரி உருண்டு வந்தன.
சட்டையைப் பாடினாள்.
அதன் பொத்தான்களைப் பாடினாள்,
யாருக்கோ தைத்துக் கொடுக்கப் போகிறவள் போல
ஒவ்வொன்றாக.
நெவில் ஏழாவதற்காகத் துருத்தியை விரித்தான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
ஏழு விரல் காட்டினேன்.
தலையை ஆட்டினாள்.
மைக் திறந்திருப்பது தெரிந்தே சொன்னாள்:
"அதை அவ பாடியிருக்காளே.
வேணுங்கறவங்க அதைக் கேக்கட்டும்."

மூடினால் சத்தம் வரும் என்று
காற்று நிறைந்த துருத்தியை
இரண்டு கைகளிலும் பிடித்தபடி நெவில் அப்படியே நின்றான்.
நான் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை.
ஏன் என்று தெரியாது.

வெளியே சின்னதாய் இரண்டு ஹாரன்.

"அவருக்குப் பசி," என்றாள்,
கோப்பைக்குள் பல்லைத் துழாவிக்கொண்டே.