காப்பு நிமிடம்

சோஹாரில் கல்லூரிப் பேருந்து
ஐந்தரைக்குத்தான் கிளம்பும்.
மூன்றரைக்கு வகுப்பு முடிந்தால்
இரண்டு மணி நேரம்
வெயிலோடு தனியாக.
விவாத மன்றத்தில் நான் சேர்ந்தது
அந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்ததால்.

பேசத் தெரியாது என்றேன்.
துரையா அல் பலூஷி
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
மேசை மணியை என் பக்கம் தள்ளினாள்.
ஓட்டல் வரவேற்பில் இருக்குமே, அந்த மாதிரி;
ஒன்றரை ரியால் சீட்டு இன்னும் அடியில் ஒட்டியிருந்தது.
"அப்படியானால் நேரம் பார்."

ஒருவருக்கு ஏழு நிமிடம்.
ஒன்று முடிந்தால் ஒரு தட்டு,
ஆறு முடிந்தால் இன்னொன்று,
ஏழுக்கு இரண்டு.
நடுவில் எதிரணி எழுந்து குறுக்கே கேட்கலாம்.
முதலும் கடைசியும் மட்டும்
காப்பு நிமிடங்கள்;
அவற்றில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிமிடம்
யாருக்கும் கிடைத்ததில்லை.

இரண்டு வருடம் மணி அடித்தேன்.
மரண தண்டனை, மீன்பிடித் தடை,
கால்பந்துக்குக் கொட்டும் பணம்,
எல்லாவற்றுக்கும் இரு பக்கமும் கேட்டேன்.
பொய் சொல்கிறவர்கள் வேகமாகப் பேசுவார்கள்
என்று நினைத்திருந்தேன்.
இல்லை. பயந்தவர்கள்தான்.

ரென்னி குரியன் ஒருமுறை
நாலாவது நிமிடத்தில் அப்படியே நின்றுவிட்டான்.
கடிகாரத்தில் நாற்பத்தொரு நொடி.
ஒரு சொல்லைத் தேடி அவன் எச்சில் விழுங்கியது
முதல் வரிசைக்கே கேட்டது.
யாரோ சிரிக்கப் போனார்கள்.
நான் அவர்களைப் பார்த்தேன். அவ்வளவுதான்.
அப்படிப் பார்க்க எனக்குத் தெரியும் என்று
எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு நிஸ்வாவில் போட்டி. இரண்டு இரவு.
அச்சடித்த தாளில்,
நேரக் காப்பாளர்: ஜெனோவா.

அப்பாவுக்கு அலுமினிய ஆலையில் இரவு ஷிப்ட்.
காலையில் வந்து
சாளைக் குழம்பில் இட்லியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.
"எனக்கு ஏழு நிமிஷம் வேணும்" என்றேன்.
போனில் கடிகாரத்தை ஓடவிட்டேன்.
மன்றத்தில் 'இந்த அவை நம்புகிறது' என்றுதான் தொடங்குவார்கள்.
ஆங்கிலத்தில் அவைக்கும் வீட்டுக்கும் ஒரே சொல்.
என் வாயில் வீடுதான் வந்தது:
"இந்த வீடு நம்புகிறது..."
அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

ஒரு நிமிடம் ஆனதும்
கரண்டியால் டம்ளரைத் தட்டினேன்.
அப்பா திரும்பவில்லை.
கோபம் என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே பேசினேன்,
எங்கே தங்குவோம், யார் யார் வருகிறார்கள்,
ஏன் நான்.
கடைசி நிமிடம் மிச்சம் இருந்தது.

தட்டை வழித்தார்.
"போயிட்டு வா" என்றார்.
கை கழுவப் போகவில்லை.
"எனக்கும் உண்டா, அந்த ஏழு?"

பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினேன்.
முதல் நிமிடம் முழுக்க
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அம்மா ஏதோ கேட்க வந்தாள்.
கையைத் தூக்கினேன்.

"இந்தக் காது,"
என் பக்கமிருந்த இடது காதைத் தொட்டார்.
விரலில் குழம்பு.
"ரெண்டு வருசமாச்சு.
கம்பெனியில டெஸ்ட் வைப்பான்.
சத்தம் கேட்டா பொத்தானை அமுக்கணும்.
நான் அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து
உத்தேசமா அமுக்குவேன்.
அடுத்த மாசம் புதுப் பையன் வாரான்."

இரண்டு நிமிடம் பத்து நொடி.
அதற்கு மேல் அவரிடம் இல்லை.

மூன்று வந்தது. நாலு வந்தது.
கரண்டி என் கையிலேயே இருந்தது.
ஆறுக்கும் தட்டவில்லை, ஏழுக்கும் தட்டவில்லை.
எழுந்து
நாற்காலியைத் தரையோடு இழுத்து
அவருடைய வலப்பக்கம் போட்டேன்.

"மெதுவா," என்றார்,
"இந்தப் பக்கம் கேக்குது."