காரணம் என்ற கட்டத்தில்

மதுரையில் வெயில் தீர்ந்துபோயிற்று என்று எழுதினால்
எவன் நம்புவான்?
ஆனாலும் எழுதினேன்,
பராமரிப்புப் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று,
கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள், அதிகாலை 3.40.

நாகமலை அடிவாரத்தில்
கணினித் துறைக்கென்று எழுப்பிய புதுக் கட்டடம்.
சாம்பல் செங்கல். ஏ.சி. கிடையாது.
நடுவில் ஒரு காற்றுக்கூண்டு:
அதன் வழியே சூடு மேலேறிப் போகும்,
புறாக்கள் கீழிறங்கி வரும்.
வரைபடத்தில் புறா இல்லை.
தரைக்கடியில் மழைத்தொட்டி,
ஐப்பசியில் தளும்பியது, இப்போது முழங்கால் அளவு.
மொட்டைமாடி முழுக்கச் சூரியத் தகடு.
மின்வாரியக் கம்பியும் உண்டு;
அதைத் தொட மூன்று கையெழுத்து வேண்டும்,
மூவரும் இரவில் தூங்குகிறவர்கள்.

திறப்பு விழாவில் பேசிய எல்லாரும்
நாளைய தலைமுறை, நாளைய தலைமுறை என்றார்கள்.
இன்றைய இரவுக்கு நான் ஒருவன்தான்:
சேவுகப்பெருமாள், மின்பணியாளர், தொகுப்பூதியம்.

அன்றைக்கு பேட்டரி முழுசு.
சமணர் மலைப் பாறையைச் சுட்ட அதே வெயில்
எங்கள் தகட்டிலும் விழுந்து
கம்பி வழியே இறங்கி
படிக்கட்டுக்குக் கீழ் இரும்புப் பெட்டிகளில்
சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.
விடியும்வரை தாங்கும். எப்போதும் தாங்கும்.

தாங்கவில்லை.
முதலில் மின்விசிறி. பிறகு விளக்கு.
பிறகு சர்வர் அறையின் அந்த இரைச்சல்.
அது நின்றபோதுதான் தெரிந்தது
இத்தனை மாதமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று.

டார்ச்சோடு மேலே போனேன்.
இரண்டாம் மாடி ஆய்வகத்தில் ஒரு பெண்,
அன்னக்கொடி, மூன்றாம் ஆண்டு, கருமாத்தூர்ப் பக்கம்,
அணைந்த திரையைப் பார்த்தபடி.
"என்னம்மா ஓட்டின?"
கண்மாய்களைக் கணக்கெடுக்கும் நிரலாம்.
வானத்திலிருந்து எடுத்த படங்கள்,
எதில் தண்ணீர், எதில் கருவேலம் என்று
பிரித்துச் சொல்ல வேண்டுமாம்.
"எங்க நிக்கணும்னு சொல்லாம விட்டுட்டேண்ணே.
ஒரே கண்மாயவே
திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டு இருந்திருக்கு."

எந்தக் கண்மாய் என்றேன்.
சொன்னாள்.
அதில் தண்ணீர் நின்று பதினைந்து வருஷம்.

ஒரு பகல் வெயிலைக் குடித்து
ஒரு காய்ந்த கண்மாயை
நாலு லட்சம் தடவை பார்த்திருக்கிறது அது.
பொதுப்பணித்துறை இத்தனை தடவை பார்த்ததில்லை.

பென்சில் கேட்டாள்.
பதிவேட்டின் பின்னட்டையில்
ஒரு வரி எழுதினாள், அடித்தாள்,
அதைவிடச் சின்ன வரி ஒன்றை எழுதினாள்.
டார்ச் மங்கியது. புறா ஒன்று
தூக்கத்தில் கனைத்தது.

ஆறே காலுக்கு
வாசல் பலகை தானாக விழித்தது:
மூன்று வாட்.
பதினொன்று.
நாற்பது.
ஒரு திரைக்குக்கூடக் காணாது.
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
அந்த எண்ணையே பார்த்து நின்றோம்,
உலையில் முதல் குமிழுக்கு நிற்கிற மாதிரி.

பதிவேட்டில் அவள் பெயரை எழுதவில்லை.
உதவிப் பொறியாளர் என் வரியைச்
சிவப்பு மையால் வட்டமிட்டு
"விளக்கம் தேவை" என்று போட்டிருக்கிறார்.

மாடிக்கு அழைத்துப்போகலாம் என்றிருக்கிறேன்.
மத்தியானம்.
செருப்பைக் கீழே விட்டுவிட்டு.