வேலந்தாவளம், காட்சி 41

ஹர்த்தால் அன்றைக்குத்தான் சாலை காலியாகக் கிடைக்கும் என்று
பதினொரு நாள் காத்திருந்தோம்.
அடைத்த கடைக்கு வாடகை இல்லை,
எரியும் டயருக்குச் செலவில்லை,
கொடி பிடிக்க இரண்டு கட்சியும் இலவசம்.
யாரோ யாரையோ வெட்டியதற்காம்.
டீக்கு நூறடி நடந்து
தமிழ்நாட்டுக்குப் போய் வந்தோம்.

கதைப்படி இருபது பேர்
நள்ளிரவில் துரத்தப்பட்டு ஓடுகிறார்கள்.
பகலில் எடுத்து இரவாக்கிக்கொள்ளலாம் என்றார் கேமராக்காரர்.
ஏழு பேருக்குத்தான் காசிருந்தது.
கஞ்சிக்கோட்டு இரும்பாலையிலிருந்து
டெம்போவில் வந்து இறங்கினார்கள்.
துகிஷ்யாம், பனமாலி,
மற்றவர்கள் பெயர் பேட்டா நோட்டில் இருக்கும்.
தலைக்கு எண்ணூறு, பரோட்டா தனி.
ஏழு பேரும் மூன்று தடவை சட்டை மாற்றி ஓடினால்
இருபத்தொன்று.
ஒருவன் மிச்சம்.

"பயந்து ஓடச் சொல்லு" என்றார் இயக்குநர்.
காண்ட்ராக்டர் ஆள் சஜீவன் அரைகுறை இந்தியில் சொன்னான்.
துகிஷ்யாம் கேட்டான்:
யாருக்குப் பயந்து?
ஊர்க்காரர்கள் என்றால் ரோட்டை விட்டு வயலில் இறங்கணும்.
போலீஸ் என்றால் ஓடவே கூடாது,
நிற்கணும்.
மேஸ்திரி என்றால் சிரிக்கணும்.
இதில் எது?

ஸ்கிரிப்டைப் புரட்டினார்கள்.
அதில் 'ஓடுகிறார்கள்' என்று மட்டும் இருந்தது.

பிறகு ஓடினார்கள், கைகாட்டிய பக்கமெல்லாம்,
தென்னந்தோப்புக்குள், கள்ளுப் பானைகளுக்குக் கீழே,
கேமராவைப் பார்க்காமல் ஓடுவதற்கு
ஆறு டேக் ஆனது.

என் வேலை ஒலி.
கடைசியாக ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தம் வேண்டும்,
யாரும் அசையாதீர்கள் என்றேன்.
ஹெட்போனை மாட்டினேன்.
எங்கள் ஆட்களில் ஒருவர் செருமினார்,
யாருடைய வயிறோ முனகியது,
தொலைவில் ஒரு கோஷம் பாதியில் அறுந்தது.
அந்த ஏழு பேர் நின்ற பக்கம் மைக்கைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
மூச்சுகூட இல்லை.
லெவல் ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன்.
பன்னிரண்டு வருடமாகக் கூட்டங்களைப் பதிவு செய்கிறேன்,
இருமாத கூட்டத்தை
நான் கேட்டதில்லை.
நிமிர்ந்து பார்த்தேன்.
கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி,
விரல்கள் விரித்து,
பார்வை தரையில்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
கேமரா அணைந்திருந்தது.

எடிட்டிங்கில் இயக்குநர் கேட்டார்,
இந்த இடத்தில் சவுண்டே இல்லையே,
மைக் பழுதா?
ஆமாம் என்றேன்.
எப்போதோ குடகில் பிடித்து வைத்த
சில்வண்டுகளைப் போட்டோம்.
இரவு நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.