பாதிக்கப்பட்டவர் ஒரு நபரா?

சத்துவாச்சாரியில் மாடியறை.
இரவு பத்துக்கும் சுவர் சுடுகிறது.
ஒரு பதிவுக்கு நாற்பது நொடி.
வைக்கலாம், நீக்கலாம்,
புரியாவிட்டால் மேலே தள்ளலாம்.

பாபு ராவ் தெரு லாட்ஜில் கணக்கெழுதினார் அப்பா.
வைத்தியத்துக்கு வந்த வங்காளிகளிடம்
அழுகையும் வசவும் கற்றுக்கொண்டேன்.
இரண்டாம் மொழிக்கு மாதம்
ஆயிரத்து இருநூறு கூடுதல்.

நீக்குவதெல்லாம் பாவம் என்று சொல்லமாட்டேன்.
குடியாத்தத்துப் பெண்ணொருத்தியின் முகத்தை
எவனோ வேறோர் உடம்பில் ஒட்டியிருந்தான்.
நாற்பது நொடி தேவைப்படவில்லை.
அன்றைக்கு டீயில் சர்க்கரை
ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இது வந்தது.
விஷாரம் தாண்டி, பாலாற்றங்கரை.
கணுக்கால்வரை நுரை.
நாற்றம் திரையில் வராது,
எனக்கு வந்தது.
தேசிங்கு என்றொருவர்
கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்:
"கொன்னுட்டானுங்கோ!
பட்டப்பகல்ல கொன்னுட்டானுங்கோ!
கேக்கறதுக்கு ஆளு இல்லன்னு
நெனச்சிகினானுங்களா?"

இயந்திரம் ஏற்கெனவே சிவப்புக்கொடி நட்டிருந்தது:
கொலை, மிரட்டல், வன்முறை.
எங்கள் பேச்சை அதற்கு யாரோ
அகராதியிலிருந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.
படிவம் கேட்டது:
பாதிக்கப்பட்டவர் ஒரு நபரா?
ஆம் என்றொரு கட்டம்,
இல்லை என்றொரு கட்டம்.
ஆறு என்று எழுத இடமில்லை.

முப்பத்தொன்றாவது நொடியில்
இல்லை என்றேன்.
வைக்கலாம் என்றேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான்.

வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டு:
நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை,
சாமியில்லாக் கோயில்.
சாமி எப்போதோ திரும்பிவிட்டார்.
காலியான இடத்தில்
என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்,
பெயரில்லாத் தணிக்கை.

காலையில் பார்த்தால் காணொளி இல்லை.
'சட்டக் கோரிக்கை. இந்த நாட்டில் மட்டும் தெரியாது.'
கேட்டது யார் என்ற பத்தி வெறுமை.
நார்வேக்காரன் ஒருவன் விரும்பினால்
எங்கள் நுரையைப் பார்க்கலாம்.
அதில் கால் வைத்தவர்
பார்க்க முடியாது.

பத்து நாள் கழித்து மேல்முறையீடு.
வேறெவருக்கோ போயிருக்க வேண்டியது,
என் வரிசையில் வந்து நின்றது.
விளக்கம் எழுத இருநூற்றைம்பது எழுத்துக்கு இடம் உண்டு.
தேசிங்கு அவ்வளவு எடுத்துக்கொள்ளவில்லை:

"எங்க கெணத்துத் தண்ணி
ஒரு பாட்டில் அனுப்பட்டுமா சார்?
குடிச்சிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கோ.
அட்ரசு சொல்லுங்கோ."

ஆற்காடு பஸ் ஏறினால் அரைமணி நேரம்.
நடுவில் ஒரு டோல்கேட்.
பதில் சொல்லும் கட்டம் எனக்குக் கிடையாது.
சார் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது.

இருபத்தெட்டு.
இருபத்தேழு.
மேசைமேல் என் தண்ணீர்க் கேன்,
பக்கத்துக் கடையில் முப்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கியது.
எந்தக் கிணறு என்று
நான் கேட்டதே இல்லை.