ஏழு விரல் கை

புந்தா அரேனாஸில் இன்று காற்று அதிகம்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இரவுப் பணி முடிந்து நேரே
துணிக்கிடங்குக்கு வந்தோம்,
நானும் யாஸ்னாவும் இன்னும் ஐந்து பேரும்.
மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே
ஒரு மேசை, சீவிய பென்சில்கள்.

தாளைப் பார்க்க வேண்டாம், என்றாள் மிரேயா.
உங்கள் இடக்கையை மட்டும் பாருங்கள்.
கண் ஊரும் வேகத்தில் கோடு ஊரட்டும்.

"ஆள் கேட்டோம்,
பென்சில் அனுப்பியிருக்கிறார்கள்" என்றாள் யாஸ்னா.
பொய்யில்லை.
பணிப்பட்டியலில் மூன்று கட்டங்கள்
மார்ச்சிலிருந்து காலி.

இருந்தாலும் பார்த்தேன்.
எத்தனை கைகளில் நரம்பு தேடியிருக்கிறேன்,
தட்டி, தடவி, வெந்நீர் ஒற்றி,
விளக்கைச் சாய்த்துப் பிடித்து.
என் கையிலும் ஒன்று
மணிக்கட்டுக்கு மேல் நீலமாய்க் கிளை பிரிவதை
இன்றுதான் பார்க்கிறேன்.
ஊசிக்கு நல்ல இடம் என்று முதலில் தோன்றியது.
கொஞ்ச நேரத்தில்
அதுவும் தோன்றவில்லை.

கிருமிநாசினி தின்ற முட்டிகள்.
கையுறை விளிம்பு விட்டுப்போன சிவப்பு வளையம்.
நடுவிரல், மோதிர விரல்.
ஆறாம் படுக்கை தோன் எவரிஸ்தோ
செவ்வாய்க்கிழமை விடியலில்
இந்த இரண்டைத்தான் பிடித்திருந்தார்.
விடுவித்துக்கொண்டு
ஏழாம் படுக்கைக்கு ஓடினேன்,
அங்கே அலாரம் அடித்தது.

பென்சில் அந்த இடத்தில் நின்றது.
நகர்த்தவில்லை.
யாரும் என்னை அழைக்கவில்லை,
எதுவும் அடிக்கவில்லை.
ஒரு புள்ளி கருத்துக்கொண்டே போயிருக்கிறது,
தாள் ஓட்டையாகும்வரை.

குனிந்து பார்த்தபோது
என்னுடையது கை அல்ல, நண்டு.
யாஸ்னாவின் கைக்கு ஏழு விரல்.
"இத்தனை இருந்தால்
வார்டைச் சமாளித்துவிடலாம்" என்றாள்.
சிரித்தோம். லூஸ்மிலாவுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை,
பிறகு அது சிரிப்பாகவும் இல்லை.
யாரோ ஒரு தலையணை உறையை நீட்டினார்கள்.
மார்பில் தலைகீழாய்த் தொங்கும் கடிகாரத்தை
இருபது நிமிடமாக ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே காற்று அப்படியேதான் இருந்தது.
கயிற்றைப் பிடித்து வரிசையாக நடந்தோம்.
முதுகு வலித்தது. பசித்தது.
பசித்தது என்பதை எழுதிவைக்க வேண்டும்,
ரொம்ப நாளாகிறது.

மறுநாள் இரவு வந்தால்
பணிப்பட்டியலின் காலிக் கட்டங்கள்மேல்
பிளாஸ்திரியால் ஒட்டிய ஏழு விரல் கை.
தலைமை நர்ஸ் வந்தார், நின்றார்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
கிழிக்கவில்லை.
ஒரு மூலை பெயர்ந்திருந்தது.
கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போனார்.